சேவ் ஆயிடுச்சு என்கிறது புரோகிராம், டேபிளில் காணோம்

"அக்கா, சேவ் கொடுத்தா 'பதிவு சேமிக்கப்பட்டது'ன்னு மெசேஜ் வருது. டேபிளைத் திறந்து பார்த்தா ஒண்ணுமே இல்ல."

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி இதைச் சொன்னபோது மதியம் தாண்டியிருந்தது. காலையிலிருந்து, டேபிளில் புதுப் பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் வாக்கியத்தை ஏழெட்டு விதமாக மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறான். அவன் எழுதிய புரோகிராம் கோடை (code) நான் பார்க்கவே இல்லை. "எந்த ஃபைலைத் திறந்து பார்த்தே?" என்று மட்டும் கேட்டேன். புரோகிராம் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில், சொலூஷன் எக்ஸ்புளோரர் என்ற ஃபைல் பட்டியலில் தெரிந்த டேட்டாபேஸ் ஃபைலைக் காட்டினான். புரோகிராம் எழுதிக்கொண்டிருந்ததோ வேறொரு ஃபைலில். அவன் எழுதிய ஏழெட்டு இன்சர்ட்டும் சரியானவைதான். ஒவ்வொன்றும் ஒழுங்காக உள்ளே போய், அடுத்த பில்டில், அதாவது புரோகிராமை மறுபடி கட்டும்போது, அழிந்திருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்தது விஷுவல் பேசிக் 6-உம் ஆக்சஸும் கோலோச்சிய நாட்களில். பிறகு சி ஷார்ப்பும் எஸ்க்யூஎல் சர்வரும். இப்போது பைத்தானும், ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டும் அதிகம். "சேவ் ஆகலை" என்ற புகார் மட்டும் எல்லாவற்றிலும் கூடவே வந்திருக்கிறது. அதனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: கோடைத் தொடுவதற்கு முன் டேட்டாபேஸை விசாரிப்பேன். நீ எந்த ஃபைல், உன்னிடம் எத்தனை ரெக்கார்டு வந்து சேர்ந்தது, நீ ஏதாவது முனகினாயா, அதை யார் அமுக்கினார்கள்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் திருத்த உட்கார்ந்தால், நன்றாக இருந்த கோடையும் கெடுத்துக்கொள்வோம்.

முதலில் புகாரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"சேவ் ஆகலை" என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் நான்கில் ஒன்று. எரர் வருகிறது. எரரும் வரவில்லை, தரவும் வரவில்லை. சேவ் ஆகிறது, ஆனால் மூடித் திறந்தால் காணோம். சேவ் ஆகிறது, ஆனால் கொடுத்தது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று.

எரர் வருவதுதான் இருப்பதிலேயே சுகமான வியாதி. வலிக்கிற இடத்தை அதுவே சொல்லிவிடும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் ராத்தூக்கத்தைக் கெடுப்பவை, ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

எந்த ஃபைல்?

விஷுவல் ஸ்டுடியோவில் டேட்டாபேஸ் ஃபைலை புராஜெக்ட்டோடு சேர்த்தால், அதன் பிராப்பர்ட்டீஸில் 'காப்பி டு அவுட்புட் டைரக்டரி' என்று ஒரு வரி இருக்கும். அது 'காப்பி ஆல்வேஸ்' என்றிருந்தால், ஒவ்வொரு பில்டிலும் புராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் அப்படியே 'பின்' (bin) என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டீபக் ஃபோல்டருக்கு நகலாகும். புரோகிராம் ஓடுவது அங்கே, எழுதுவதும் அந்த நகலில். நிறுத்திவிட்டுக் கோடில் ஒரு எழுத்தை மாற்றி மறுபடி ஓட்டினால், பழைய வெற்று ஃபைல் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கொடுத்த தரவு போயே போச்சு. தம்பிக்கு நடந்தது இதுதான்.

'காப்பி இஃப் நியூவர்' என்று மாற்றச் சொல்லி நிறைய பேர் அறிவுரை சொல்வார்கள். அது அரை மருந்து. புராஜெக்ட்டில் இருக்கும் மூல ஃபைலைச் சும்மா திறந்து பார்த்தாலே அதன் மாற்றத் தேதி புதிதாகிவிடக்கூடும். அப்போது அதுதான் 'நியூவர்'. நான் 'டூ நாட் காப்பி' என்று வைத்துவிட்டு, ஃபைலின் முழுப் பாதையை கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் (எந்த டேட்டாபேஸ் என்று புரோகிராமுக்குச் சொல்லும் வரி) நேராகக் கொடுத்துவிடுவேன்.

எஸ்க்யூலைட்டில் இதே தொல்லை வேறு வேஷத்தில் வரும். பெயரை மட்டும் கொடுத்து கனெக்ட் செய்தால், புரோகிராமை எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டினீர்களோ அங்கே தேடும். இல்லாவிட்டால் எரர் கொடுக்காமல், சத்தமில்லாமல் ஒரு காலி ஃபைலை உருவாக்கிக்கொள்ளும். எடிட்டரிலிருந்து ஓட்டினால் ஒரு ஃபைல், டெஸ்க்டாப் ஷார்ட்கட்டிலிருந்து ஓட்டினால் இன்னொன்று. 'அப்படி ஒரு டேபிளே இல்லை' என்று எரர் வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. புரோகிராம் தொடங்கும்போதே டேபிள் இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தால், அந்த எரரும் வராது. இரண்டு ஃபைலும் இணையாக வளர்ந்துகொண்டே போகும். பாதையை யூஆர்ஐ (இணைய முகவரி போன்ற) வடிவில் கொடுத்து, மோட் என்பதற்கு ஆர்டபிள்யூ (rw) என்று போட்டுவிடுங்கள். ஃபைல் இல்லாவிட்டால் புதிதாக உருவாக்காமல் எரர் கொடுக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

பழைய 32 பிட் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கதை. புரோகிராமையும் டேட்டாபேஸையும் சேர்த்தே புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் நிறுவியிருப்பார்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. மேனிஃபெஸ்ட் (தனக்கு என்ன அனுமதி வேண்டும் என்று விண்டோஸிடம் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய புரோகிராம் உடைந்துவிடக் கூடாதே என்று விண்டோஸ் ஒரு உபகாரம் செய்கிறது: அந்த யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டரில், லோக்கலுக்குள், வர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்தில் ஒரு நகலை வைத்து, எழுதுவதையெல்லாம் அங்கே திருப்பிவிடுகிறது. புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது. காலை ஷிஃப்டில் ஒருவர் தன் லாகினில் பதிகிறார், மாலை வருபவர் தன் லாகினில் திறக்கிறார், காலைப் பதிவு எதுவும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு மேலதிகாரி வரை போன ஒரு வழக்கை நான் தீர்த்துவைத்திருக்கிறேன். இரண்டு யூசர் ஃபோல்டரிலும் ஆளுக்கொரு நகல் இருந்தது, அவ்வளவுதான். டேட்டாபேஸ் இருக்க வேண்டிய இடம், புரோகிராம்டேட்டாவுக்குள்ளோ வேறெங்கோ, எல்லோருக்கும் எழுத அனுமதியுள்ள தனி ஃபோல்டர்.

சர்வர் டேட்டாபேஸ் என்றால் கேள்வி சற்று மாறும்: எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், எந்த லாகின். கான்ஃபிக் ஃபைலில் டெஸ்ட் சர்வரின் பெயர் மிச்சமிருப்பது சர்வசாதாரணம். கான்ஃபிக் ஃபைலைப் படித்து நம்பாதீர்கள். புரோகிராம் வைத்திருக்கும் அதே கனெக்‌ஷன் வழியாகவே கேளுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் டிபி நேம் ஃபங்ஷனும் @@சர்வர்நேமும், மையெஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸ் ஃபங்ஷனும் @@ஹோஸ்ட்நேமும், எஸ்க்யூலைட்டில் டேட்டாபேஸ் லிஸ்ட் என்ற பிராக்மாவும் (எஸ்க்யூலைட்டின் தனிக் கட்டளை) பதில் சொல்லும். நான் எழுதும் ஒவ்வொரு மென்பொருளிலும் திரையின் அடியில், ஸ்டேட்டஸ் பாரில், இந்தப் பதில் சின்ன எழுத்தில் நிற்கும். போனில் புகார் வரும்போது "கீழே என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று கேட்பதோடு பாதி வழக்கு முடிந்துவிடும்.

கோடே கையில் இல்லை, யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராம் என்றால், மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் புராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. புரோகிராமின் பெயரை ஃபில்டராகக் கொடுத்து சேவ் பட்டனை அழுத்துங்கள். எந்தப் பாதையில் எந்த ஃபைலைத் திறந்தது, அனுமதி கிடைத்ததா மறுக்கப்பட்டதா என்று வரி வரியாகக் கொட்டும்.

எரரை யார் விழுங்கியது?

ஃபைல் சரி, சர்வர் சரி, ஆனாலும் ரெக்கார்டு இல்லை என்றால், அடுத்து எரரை விழுங்கிய ஆளைத் தேட வேண்டும். விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்', அதாவது எரர் வந்தாலும் அடுத்த வரிக்குப் போ. இப்போதைய மொழிகளில் காலியான கேட்ச் பிளாக், அதாவது எரரைப் பிடித்து எதுவும் செய்யாமல் விடும் பகுதி. எழுதியவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. எப்போதோ ஒருநாள் யூசர் முன்னால் அசிங்கமான எரர் பெட்டி வந்திருக்கும், அவசரத்தில் வாயை அடைத்திருப்பார். நானும் அடைத்திருக்கிறேன்.

கேட்ச் பிளாக்கில் எக்ஸெப்ஷனின் (பிடிபட்ட எரரின்) முழு உருவத்தையும் ஒரு லாக் ஃபைலில் எழுதுங்கள். வெறும் மெசேஜ் போதாது. டாட்நெட்டில் டேட்டாபேஸோடு பேச உதவும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: வெளியே வரும் மெசேஜ் 'விவரத்துக்கு இன்னர் எக்ஸெப்ஷனைப் பாருங்கள்' என்பதோடு நின்றுவிடும். உண்மையான காரணம் அதற்குள்ளே, சில சமயம் அதற்கும் உள்ளே இருக்கும்.

எரரே பிறக்காத கேஸும் உண்டு. அப்டேட் வாக்கியத்தில் எந்த ரெக்கார்டை மாற்றுவது என்று சொல்லும் 'வேர்' (WHERE) நிபந்தனைக்கு ஒரு ரெக்கார்டும் பொருந்தவில்லை என்றால், டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது தவறே அல்ல. சொன்னபடி தேடினேன், எவரும் இல்லை, வேலை முடிந்தது. வாக்கியத்தை ஓட்டும் எக்ஸிக்யூட்நான்குவெரி (ExecuteNonQuery) திருப்பித் தரும் எண்ணை, அதாவது எத்தனை ரெக்கார்டு மாறியது என்பதைப் பார்க்காமல் 'வெற்றி' என்று மெசேஜ் போட்டால், பொய் சொல்வது நம் கோடுதான். அந்த எண் 0 என்றால் எதுவும் மாறவில்லை. 1 என்றால் நல்லது. 3,400 என்றால் வேரை எழுதவே மறந்துவிட்டீர்கள், உடனே பேக்கப்பைத் தேடுங்கள். -1 வந்தால் பதறவேண்டாம். ஸ்டோர்ட் புரொசீஜரில் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த கோடு) 'எண்ணிச் சொல்லாதே' என்ற நோகவுன்ட் ஆன் செய்யப்பட்டிருந்தால் அப்படித்தான் வரும்.

ஏன் 0 வருகிறது என்பதற்கு என்னிடம் ஒரு சேகரிப்பே இருக்கிறது. ஐடிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஸ்பேஸ். எக்செல்லிலிருந்து ஒட்டியபோது கூடவே வந்த, கண்ணுக்குத் தெரியாத எழுத்து. தமிழில் இன்னொரு விசேஷம் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் எஸ்க்யூலைட்டுக்கு இரண்டும் வேறு வேறு. பெயரை வைத்து வேர் எழுதினால் ஒருநாள் இதில் மாட்டுவீர்கள். உள்ளே எடுக்கும்போதே, இரண்டு குறியை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதைவிட நல்லது, வேரில் பெயரைப் போடாதீர்கள்.

ஆக்சஸையும், அதோடு புரோகிராமை இணைக்கும் ஓலிடிபியையும் (OLE DB) சேர்த்து உபயோகிப்பவர்களுக்கு என் சேகரிப்பிலேயே அருமையான உருப்படி இது. பேராமீட்டருக்கு (வாக்கியத்தில் மதிப்பு வந்து உட்காரும் இடம்) நீங்கள் எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தாலும் ஓலிடிபி அதைச் சட்டை செய்யாது. வரிசையை மட்டும்தான் பார்க்கும். வாக்கியத்தில் பெயர், போன் எண், கடைசியில் வேரில் ஐடி என்று இருக்கிறது, கோடிலோ நீங்கள் ஐடியை முதலில் சேர்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஐடி பெயருக்கான இடத்துக்குப் போகும், பெயர் போன் எண்ணுக்கு, போன் எண் வேருக்கு. ஐடி நம்பர் வகையாக இருந்தால் வகை பொருந்தவில்லை என்று எரர் வர வாய்ப்புண்டு. டெக்ஸ்ட் வகை என்றால், அந்த போன் எண்ணை ஐடியாக வைத்திருக்கும் ஆளைத் தேடி, கிடைக்காமல், 0 என்று மரியாதையாகத் திரும்பி வரும். ஒரு முழு நாளை இதற்குத் தாரைவார்த்திருக்கிறேன்.

கடைசியாக டைப் செய்தது மட்டும் காணோம்

கிரிட்டும் (கட்டம் கட்டமான பட்டியல்), அதைத் தரவோடு கட்டும் பைண்டிங் சோர்ஸும் வைத்து எழுதிய திரைகளில் வரும் புகார் இது. பத்து வரி கொடுத்தால் ஒன்பது சேவ் ஆகும், அல்லது பத்தாவது வரியின் கடைசிக் கட்டம் பழைய மதிப்போடு நிற்கும். யூசர் இதை விளக்கத் தெரியாமல் "சில நேரம் சேவ் ஆகுது, சில நேரம் ஆகல" என்பார். உட்கார்ந்து பார்த்தால் எப்போதுமே ஒரே மாதிரிதான் நடக்கும்.

காரணம் சுவாரசியமானது. டூல்பாரில் இருக்கும் சேவ் பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் அதற்கு மாறாது. சாதாரண பட்டனுக்கு மாறும். ஃபோகஸ் கட்டத்திலேயே நிற்பதால், டைப் செய்த மதிப்பு திரையில் இருக்கிறதே தவிர கீழே, புரோகிராமின் நினைவகத்தில் இருக்கும் டேட்டா டேபிளுக்கு இறங்கவில்லை. சேவ் நடப்பதோ டேட்டா டேபிளிலிருந்து. ஆகவே சேவ் கோடின் முதல் வரி ஃபார்மின் வேலிடேட், இரண்டாவது வரி பைண்டிங் சோர்ஸின் எண்ட் எடிட், அதன் பிறகே அப்டேட். வேலிடேட்டை எதற்கு என்று தெரியாமல் நீக்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

அதே குடும்பத்தில் இன்னொன்று: அப்டேட்டுக்கு முன்பே அக்செப்ட் சேஞ்சஸைக் கூப்பிடுவது. பெயரைப் பார்த்தால் 'மாற்றங்களை ஏற்றுக்கொள்' என்று நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. அது செய்வது, ஒவ்வொரு வரியின் மேலும் இருக்கும் 'புதிது', 'மாறியது' என்ற முத்திரையை அழிப்பது. அந்த முத்திரையைப் பார்த்துத்தான், டேட்டா டேபிளிலிருந்து டேட்டாபேஸுக்கு மாற்றங்களை அனுப்பும் அடாப்டர் எதை அனுப்புவது என்று முடிவெடுக்கிறது. முத்திரை இல்லையென்றால் அனுப்ப ஒன்றுமில்லை. எரர் கிடையாது, 0. அப்டேட் வெற்றியாக முடிந்ததும் அடாப்டரே முத்திரையை அழித்துக்கொள்ளும், நீங்கள் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை.

எரர் வருகிறது என்றால்

எஸ்க்யூஎல் சர்வரின் எண்களை வைத்துச் சொல்கிறேன். மெசேஜின் மொழி மாறினாலும் எண் மாறாது, அதனால் எண்ணைப் பாருங்கள்.

2627-உம் 2601-உம் ஒரே சாவியை இரண்டாம் முறை நுழைக்கப் பார்க்கிறீர்கள் என்று சொல்கின்றன. சேவ் பட்டனை யூசர் இரண்டு முறை அழுத்தினாலே வரும். அழுத்தியதும் பட்டனை முடக்கிவிடுங்கள். 547 என்றால் தாய் டேபிளில் இல்லாத ஐடியைக் குழந்தை டேபிளில் எழுதுகிறீர்கள், அல்லது செக் நிபந்தனை தடுக்கிறது. 515 என்றால் காலியாக இருக்கக்கூடாத ஃபீல்டு காலியாக வந்திருக்கிறது. 229 என்றால் லாகினுக்கு அந்த டேபிளில் எழுத அனுமதி இல்லை. இவை எல்லாமே மெசேஜிலேயே டேபிள் பெயரோ விதியின் பெயரோ சொல்லிவிடும், நிதானமாகப் படித்தால் போதும்.

8152 கொஞ்சம் நின்று பேச வேண்டிய ஆள். 'எழுத்து வெட்டுப்படும்' என்று மட்டும் சொல்லும். எந்த ஃபீல்டு, எந்த மதிப்பு என்று சொல்லாது. நாற்பது ஃபீல்டு உள்ள திரையில் இது வந்தால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதைத் தவிர வழியில்லாத காலம் இருந்தது. 2019 பதிப்பில், 150 காம்பேட்டிபிலிட்டி லெவலில் (எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்ற அமைப்பு), இதற்குப் பதில் 2628 வருகிறது. டேபிள், ஃபீல்டு, வெட்டுப்பட்ட மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். 2016, 2017 பதிப்புகளிலும் பிற்கால அப்டேட் போட்டு, 460 என்ற ட்ரேஸ் ஃப்ளாகை (சர்வரின் நடத்தையை மாற்றும் சுவிட்ச்) ஆன் செய்தால் கிடைக்கும்.

தமிழில் தரவு வைப்பவர்கள் இந்த எரரை மற்றவர்களைவிட அதிகம் பார்ப்பார்கள். 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரை எண்ணுங்கள். கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. நமக்கு எட்டு எழுத்து. டேட்டாபேஸ் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும்: 15. எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 45. பத்து எழுத்துக்கு மேல் பெயர் வராது என்று என்வார்கார் (NVARCHAR, எல்லா மொழி எழுத்தும் வைக்கும் ஃபீல்டு வகை) 10 போட்டு வைத்தவர், எட்டெழுத்துப் பெயருக்கு எரர் ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். மனதில் எண்ணும் எழுத்தை இரண்டரையால் பெருக்கி ஃபீல்டை வையுங்கள் என்பது என் கணக்கு.

அதே தமிழ், என்வார்கார் இல்லாமல் சாதா வார்காரில் போனால் எரர் வராது. வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் நிற்கும். ஃபீல்டு என்வார்காராகவே இருந்தாலும், வாக்கியத்தில் மதிப்பை நேராக எழுதி, மேற்கோள் குறிக்கு முன் N என்ற ஆங்கில எழுத்தைப் போடாவிட்டாலும் இதே கதிதான். கேள்விக்குறியாகிவிட்ட பெயரைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது, அதனால் இதை முதல் நாளே சோதித்துவிடுங்கள். மையெஸ்க்யூஎல்லில் தமிழ் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8-இலேயே அடங்கிவிடும், ஆனால் யாராவது குறிப்பில் ஒரு எமோஜி போட்டால் 1366 என்று எரர் வரும். யூடிஎஃப்8எம்பி4 வைத்துவிட்டால் கவலை இல்லை.

தேதிக்கும் ஒரு எரர் உண்டு: 1753-க்கு முந்திய தேதி செல்லாது என்று. யூசர் அப்படி எந்தத் தேதியும் கொடுத்திருக்க மாட்டார். டாட்நெட்டில் மதிப்பு கொடுக்கப்படாத தேதி என்பது கி.பி. 1-ஆம் ஆண்டு ஜனவரி 1. எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டைம் 1753-இல்தான் தொடங்குகிறது, பிரிட்டன் 1752-இல் கிரிகோரியன் காலண்டருக்கு மாறிய கதையின் மிச்சம் அது. ஆக, எரரின் பொருள் 'தேதியை நிரப்ப மறந்துவிட்டாய்' என்பதுதான். டேட்டைம்2-க்கு மாற்றினால் எரர் போய்விடும், மறதி டேபிளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் மாற்றமாட்டேன்.

மதிப்புகளை வாக்கியத்தோடு ஒட்டி எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெயரில் ஒற்றை மேற்கோள் குறி வந்தால் வாக்கியம் உடையும், தேதியில் மாதமும் நாளும் இடம் மாறும், எவரும் உள்ளே புகுந்து டேபிளையே அழிக்கலாம். பேராமீட்டர் ஒன்று இந்த மூன்றையும் தீர்க்கும்.

கமிட் ஆகாத மாயை

ட்ரான்ஸாக்‌ஷனைத் (சேர்ந்தே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுதி) தொடங்கி, கமிட் (மாற்றங்களை உறுதிசெய்யும் கட்டளை) செய்யாமல் விட்டால் நடப்பது வேடிக்கை. அதே கனெக்‌ஷனில் செலக்ட் போட்டால் ரெக்கார்டு தெரியும். கிரிட்டில் தெரியும். எண்ணிக்கை 1 என்று வரும். புரோகிராமை மூடினால் ரோல்பேக் ஆகி, அதாவது மாற்றங்கள் திரும்பப் பெறப்பட்டு, எல்லாம் மறையும். பைத்தானின் எஸ்க்யூலைட்3 மாட்யூலில் இன்சர்ட்டுக்கு முன் அதுவே ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துகொள்ளும், கமிட் நம் பொறுப்பு. சோதிக்கும்போது எப்போதும் வேறொரு கருவியில், வேறொரு கனெக்‌ஷனில் பாருங்கள்.

இதற்கு மறுபக்கத்தில் நானே குற்றவாளியாக நின்றிருக்கிறேன். எஸ்க்யூஎல் சர்வருக்கான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் பிகின் ட்ரான் என்று ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்கி, நிலுவை ரெக்கார்டுகளின் நிலையை மாற்றும் ஒரு பெரிய அப்டேட்டை ஓட்டி, எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு, கமிட் கொடுக்காமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் போன் விடாமல் அடிக்கிறது. எல்லோர் திரையிலும் சேவ் கொடுத்தால் முப்பது விநாடி உறைந்து, பிறகு டைம்அவுட். எஸ்க்யூஎல் கமாண்டின் இயல்பான காத்திருப்பு 30 விநாடிதான். ஒரே வாக்கியம் ஒரு டேபிளில் சுமார் 5,000 லாக் (lock, பூட்டு) எடுத்துவிட்டால், சர்வர் முழு டேபிளுக்கும் ஒரே பூட்டாகப் போட முயலும். என் அப்டேட் அதைத்தான் செய்திருந்தது. நெட்வொர்க்கில் கோளாறு என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டு, யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று காட்டும் எஸ்பி ஹூ2 (sp_who2) கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். எல்லா வரியிலும் 'பிளாக் செய்பவர்' என்ற இடத்தில் ஒரே எண். அந்த எண்ணுக்கு நேரே ஹோஸ்ட்நேமில் என் கம்ப்யூட்டரின் பெயர்.

டைம்அவுட் வந்தால் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது பலருக்கு முதல் யோசனை. முதலில் எஸ்பி ஹூ2-வைப் பாருங்கள். எவரோ தடுத்துக்கொண்டிருந்தால் 300 விநாடி கொடுத்தாலும் 300 விநாடி உறையும், அவ்வளவே.

1205 என்ற எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் அது டெட்லாக்: இருவர் ஒருவருக்கொருவர் காத்துக் கிடந்ததில் உங்களைப் பலி கொடுத்தாயிற்று, முழு ட்ரான்ஸாக்‌ஷனையும் மறுபடி ஓட்டுங்கள். மையெஸ்க்யூஎல்லில் அதே 1205 வெறும் லாக் காத்திருப்பு தீர்ந்தது என்பது. மையெஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் அது இயல்பாக 50 விநாடி, டெட்லாக்குக்கு அங்கே 1213. இணையத்தில் தேடும்போது எந்த டேட்டாபேஸ் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

இடமே தீர்ந்துவிட்டாலும் எழுத முடியாது. ஆக்சஸ் ஃபைல் 2 ஜிபியில் நின்றுவிடும். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2008 ஆர்2 முதல் 2022 வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி. பல வருடம் நன்றாக ஓடிய மென்பொருள் ஒருநாள் காலையில் திடீரென்று எதையும் எழுத மறுத்தால், நான் கோடைப் பார்ப்பதற்கு முன் ஃபைலின் அளவைப் பார்ப்பேன்.

தவறான தாய்க்குப் போன பிள்ளைகள்

தலைப்பு ரெக்கார்டை எழுதி, அதன் ஐடியை வாங்கி, கீழ்வரிகளை அந்த ஐடியோடு எழுதுவது வழக்கம். பல வருடம் சரியாக ஓடிய இந்த வழி, ஒருவர் அந்த டேபிளில் தணிக்கைக்காக ஒரு ட்ரிகர் (டேபிளில் எழுதியதும் தானாக ஓடும் கோடு) வைத்த மறுநாள் உடைந்தது. எரர் இல்லை. கீழ்வரிகள் வேறு யாரோ ஒருவரின் பதிவுக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. ட்ரிகர், தணிக்கை டேபிளில் ஒரு வரி எழுதுகிறது. @@ஐடென்டிட்டி கடைசியாக உருவான ஐடியைத் தருகிறது, அதாவது தணிக்கை டேபிளின் ஐடியை. ஸ்கோப் ஐடென்டிட்டி நம் வாக்கியத்தில் உருவான ஐடியை மட்டும் தரும். பழைய கோடில் @@ஐடென்டிட்டி என்று தேடி, கண்ட இடத்திலெல்லாம் மாற்றிவிடுங்கள். ட்ரிகர் இன்று இல்லையே என்று விட்டுவைக்காதீர்கள்.

திருத்துவதற்கு முன் ஒரு நகல்

காணாமல் போன தரவு எங்காவது ஒரு நகலில் உயிரோடு இருக்கலாம். வர்ச்சுவல் ஸ்டோரிலோ, பின் ஃபோல்டரிலோ, ஷார்ட்கட் ஓடிய ஃபோல்டரிலோ. எது அசல் என்று முடிவாகும் வரை எதையும் அழிக்காதீர்கள், பில்ட் கூடக் கொடுக்காதீர்கள்.

எஸ்க்யூலைட்டை நகலெடுக்கும்போது மட்டும் கூடுதல் கவனம். டபிள்யூஏஎல் (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும்) முறையில் ஓடும் டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு, கடைசியில் டபிள்யூஏஎல் என்றும் எஸ்ஹெச்எம் என்றும் முடியும் இரண்டு ஃபைல்கள் இருக்கும். சற்றுமுன் கமிட் ஆன ரெக்கார்டுகள் பிரதான ஃபைலுக்கு இன்னும் வராமல் டபிள்யூஏஎல் ஃபைலில் இருக்கலாம். குப்பை என்று நினைத்து அதை அழித்தவரையும், பிரதான ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துவந்து "நேத்து கொடுத்தது எதுவுமே இல்ல" என்றவரையும் பார்த்திருக்கிறேன். புரோகிராமை ஒழுங்காக மூடுங்கள். மூடிய பிறகும் டபிள்யூஏஎல் ஃபைல் அங்கேயே நின்றால், பக்கத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்தே எடுங்கள். புரோகிராமை மூடவே முடியாது என்றால் வேக்யூம் இன்டூ என்ற கட்டளையில் புது ஃபைல் பெயரைக் கொடுங்கள். டபிள்யூஏஎல்லில் இருப்பதும் சேர்ந்து ஒரே ஃபைலாக வெளியே வரும். அதை வைத்துக்கொண்டு உட்காருங்கள், அசலைத் தொடவேண்டாம்.